அக்காவுக்குப் பதிலாக

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அக்கா தங்கை இருவரில் சின்னவள் சொல்லக் கேட்டது. சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிடுவாள். அப்போது சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்கும், நமக்கும் பேச வாய் வராது. மறுபடி பேசும்போது விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கினாளா, வேறொரு நாளுக்குத் தாவிவிட்டாளா என்று பிடிபடாது. சில இடங்களில் தன்னைச் சொல்கிறாளா, அக்காவைச் சொல்கிறாளா என்றே எனக்குக் குழம்பியது. கேட்கத் தைரியம் வரவில்லை. ஆகவே முன்பின்னாக இருக்கலாம். ஆனால் முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அக்காவும் தங்கையும் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் இருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பெரியவளை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவார்கள், சின்னவளை வாயாடி. சிறு வயதிலிருந்தே பெரியவளுக்கும் சேர்த்துச் சின்னவள்தான் பேசுவாள். வந்தவர்கள் பெரியவளைப் பார்த்து என்ன படிக்கிறாய் என்று கேட்டால், பதில் சின்னவளிடமிருந்து வரும். இருவருக்கும் ஒரே குரல் வேறு. போனில் அப்பாவுக்கே வித்தியாசம் தெரியாது. பெரியவளுக்கு வரும் போனைச் சின்னவள் எடுத்து, "ஆமா, நான்தான் பேசறேன்" என்று ஆரம்பித்து, மின்சார ஆபீஸ், பேங்க், துக்கம் விசாரிக்கும் சித்தி என்று எல்லாரிடமும் பெரியவளாகவே பேசி முடித்துவிடுவாள். பெரியவள் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பாள். இதைப் பொய் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. காய்ச்சலில் கிடப்பவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது மாதிரிதான் அதுவும்.

பெரியவளுக்கு அந்த வியாதி வந்தது ஒரு கடையில், பில் போடும் வரிசையில். முன்னால் நாலைந்து பேர், பின்னால் நாலைந்து பேர். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, தரை சரிந்தது, விரல்கள் மரத்துப்போயின. இங்கேயே செத்துவிடப் போகிறேன் என்று நினைத்தாள். யாரோ நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அதன்பிறகு அந்தக் கடை வேண்டாம் என்றாள். பிறகு பஸ் வேண்டாம். பிறகு தெரு, கேட், மாடிப்படி எல்லாமே வேண்டாமாகிப்போயின. வாசல் கதவுக்கு உள்ளே ஒரு மிதியடி கிடந்தது. அதைத் தாண்டி அவள் கால் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்புவது அவள் பிழைப்பு. ரொட்டி, பால், முட்டை, மாத்திரை, செருப்புக்கூடச் சின்னவள்தான் வாங்கி வர வேண்டும். செருப்பு எதற்கு என்று சின்னவள் ஒரு தடவை கிண்டலாகக் கேட்டுவிட்டு, பிறகு நாளெல்லாம் மனசு கேட்காமல் கிடந்தாள்.

சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கப் பட்டறையில் வேலை. லென்ஸின் ஓரத்தை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது. தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் சக்கரத்தில் லென்ஸைப் பிடித்தால் வெள்ளைச் சேறு மாதிரி தூள் வழியும். அவள் பொருத்தினால் லென்ஸ் ஆடாது. முதலாளியின் தம்பி துறைமுக ஊரில் பெரிய பட்டறை ஒன்று திறக்க இருந்தார். அதை நடத்தச் சின்னவளைக் கேட்டார்கள்.

"அங்க வெக்கற மெஷின் கப்பல்ல வந்து இறங்கறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிடும்மா" என்றார் முதலாளி. "இங்க நான் குண்டூசியை வெச்சு ஓட்டிக்கறேன்."

குண்டூசி என்பது கூட வேலை பார்க்கும் ஒல்லி மனிதர். "ஓட்டிக்க நான் என்ன தள்ளுவண்டியாண்ணே?" என்றார் அவர், நிமிராமலே.

அந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை சின்னவளுக்கு வெறியாகவே இருந்தது. சொந்தமாக ஒரு அறை, கடல் தெரியாவிட்டாலும் கடல் காற்று வரும் ஒரு ஜன்னல். ஆனால் பெரியவள் தானாகப் படியிறங்கி ரொட்டி வாங்கிவரும் நாள் வந்தால்தான் அவளால் போக முடியும். மெஷின் இறங்குவதற்குள் அது நடக்க வேண்டும்.

"பயத்துக்குன்னே ஒருத்தங்க பாக்கறாங்களாம், அக்கா. மாத்திரை இல்ல. பேசித்தான் சரி பண்ணுவாங்களாம்."

"பேசியா?" பெரியவள் சிரித்தாள். "அப்ப உன்னைத்தான் அனுப்பணும்."

அன்றைக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு. மறுநாள் சின்னவள் போன் செய்தபோது, யாருக்கு நேரம் வேண்டும் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். "எனக்குத்தான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்கதோஷம். போனை வைத்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயே போயிட்டு வாயேன்" என்றாள் பெரியவள் மெதுவாக. "எனக்கு என்ன பண்ணுதுன்னு உனக்கு அத்துப்படி. கேட்டுட்டு வந்து சொல்லு. நான் இங்கேருந்தே செஞ்சுக்கறேன்."

"இதுக்கெல்லாம் ஆள் மாத்திப் போலாமா?"

"எக்ஸ்ரேயா எடுக்கப் போறே? பேசத்தானே போறே."

அந்த மனநல ஆலோசகரின் அறை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. ஒன்றையொன்று நேராகப் பார்க்காமல் சற்றுத் திருப்பிப் போட்ட இரண்டு நாற்காலிகள். கடிகாரம் வருபவரின் தலைக்குப் பின்னால் இருந்தது, ஆலோசகருக்கு மட்டும் தெரியும்படி. அவர் சின்னவளைவிடச் சில வயது மூத்தவர், தாழ்ந்த குரலில் பேசும், அவசரமே இல்லாத பெண்மணி.

"வெளிய வர முடியாதவங்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. அதுவே பெரிய விஷயம்" என்றார். சின்னவள் தலைகுனிந்துகொண்டாள்.

"இங்க என்ன நடக்கும், என்ன நடக்காதுன்னு முதல்லயே சொல்லிடறேன். வாரம் ஒரு தடவை பார்ப்போம். நான் மருந்து குடுக்கறதில்ல, புத்தி சொல்றதும் கம்மி. சீக்கிரம் சரியாயிடும்னு எதிர்பார்க்காதீங்க. ஆரம்பத்துல இப்ப இருக்கறதைவிட மோசமான மாதிரிகூட இருக்கும். மூடி வெச்சதைத் திறக்கறோம் இல்லையா? அப்ப வராம நின்னுடாதீங்க. மோசமா இருக்குன்னு இங்க வந்தே சொல்லுங்க. என் வழி உங்களுக்கு ஒத்துவரலேன்னா அதையும் சொல்லலாம். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நான் என்ன செய்யணும் மேடம்?"

"வரணும். உள்ளதை உள்ளபடி சொல்லணும். இங்க பேசினதை வீட்ல செஞ்சு பார்க்கணும். பாதிக்கு மேல உங்க வேலைதான் இது. நீங்க என் முன்னாடி எதை வெக்கறீங்களோ அதைத்தான் நான் தொட முடியும். வேற எதையாவது கொண்டுவந்து வெச்சா, வேலை அதுல நடக்கும். நானாக் கண்டுபிடிச்சுடுவேன்னு மட்டும் நம்பிடாதீங்க."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவ்வளவு நீளமான மௌனத்தைச் சின்னவள் யார் முன்னாலும் உட்கார்ந்து கடந்ததில்லை. அப்போதே எழுந்து, மன்னிக்கணும் மேடம், வர வேண்டியவ வீட்டில் இருக்கா என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வரிசை, தரை, விரல் என்று பெரியவள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லத் தொடங்கியதும் சுலபமாகிவிட்டது.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"ஒரு தங்கச்சி. ஓட்டவாய். எங்க வேணும்னாலும் போவா. அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

சொல்லும்போதே, எதிரெதிரே இரண்டு கண்ணாடி வைத்த கடையில் தன் முதுகைத் தானே பார்த்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம் ஏற்பட்டது.

வீடு திரும்பியதும் கைகால் கழுவக்கூட விடாமல் பெரியவள் எதிரே உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். அடுத்த வாரத்துக்கும் அதற்கடுத்த வாரத்துக்கும் திருத்தம் சொன்னாள். "வயித்துல இல்லடி, தொண்டையில. தொண்டையில யாரோ கட்டைவிரலை வெச்சு அழுத்தற மாதிரி. மாத்திச் சொல்லிட்டு வந்திருக்கே." எல்லாருடைய வியாதியையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்கிறவளுக்குத் தன் வியாதியில் ஒரு பிழை வந்தால் பொறுக்காது.

ஆலோசகர் வீட்டுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கதவைத் திறந்து, மிதியடியைத் தாண்டி, மாடிப்படிக்கு முன்னால் இருக்கும் சின்ன இடத்தில் நிற்க வேண்டும். பயம் பத்துக்கு எத்தனை என்று மனசில் மதிப்புப் போட வேண்டும். அது பாதியாகக் குறையும்வரை உள்ளே திரும்பக் கூடாது.

பெரியவள் மிதியடிமேல் நின்று வெளியே எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "முதல்ல நீ நின்னு காட்டு. எப்படின்னு பார்த்துக்கறேன்."

சின்னவள் போய் நின்றாள். கொட்டாவி வந்தது.

"இப்படி நின்னா அங்க என்னன்னு சொல்லுவே? எனக்கு வர்ற மாதிரி வரவழைச்சுக்கிட்டு நில்லு."

"எப்படி வரவழைக்கிறது? கூப்பிட்டா வர அது என்ன நாய்க்குட்டியா?"

"மூச்சைக் கழுத்தோட நிறுத்து. கீழ விடாதே. சின்னச் சின்னதா, வேகமா இழு. இன்னும் வேகமா. படிக்கட்டைப் பாரு. கீழ அந்த இருட்டு இருக்குல்ல, அது மேல வருது. பார்த்துக்கிட்டே இரு. இப்ப விரல் நுனி எப்படி இருக்கு?"

விரல் நுனி மரத்திருந்தது. சின்னவள் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தையல்காரர் அளவு பார்ப்பதுபோலத் தங்கையை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். "இதான். இப்ப எத்தனைன்னு சொல்லு."

தினமும் சாயங்காலம் இது நடந்தது. மழைக்காலம் தொடங்கியிருந்தது என்று நினைக்கிறேன். படிக்கட்டில் குடைத் தண்ணீர் சொட்டியிருக்கும் என்று சின்னவள் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவியோடு ஏறி வரும்போது சின்னவள் உள்ளே ஓடிவர, இருவருமாகக் கதவைச் சாத்திக்கொள்வார்கள், ஏதோ செய்யக்கூடாததைச் செய்தவர்கள் மாதிரி.

அப்புறம் ஒரு வாரம் ஆலோசகர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். "அந்தக் கடைக்குப் போங்க. வரிசையில நில்லுங்க. நான் கூடவே இருக்கேன்."

சின்னவள் அந்த வரிசையில் நின்றதே இல்லை. ஆனால் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். முன்னால் நிற்பவளின் கூடையில் ஒரு முட்டை அட்டை தெரிந்தது. அது பெரியவள் சொன்னதா, தானே சேர்த்துக்கொண்டதா என்று யோசிப்பதற்குள் தரை சரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சைக் கீழே விடப் பார்த்தாள், இறங்கவில்லை. தொண்டையில் கட்டைவிரல் இருந்தது. கண்ணைத் திறந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபோது அது கையில் தட்டுப்படவே இல்லை.

ஆலோசகர் அவளோடு மெல்ல மூச்சு எண்ணினார். அடங்கிய பிறகு அன்பாகச் சொன்னார்: "இத்தனை நாளும் நீங்க கொஞ்சம் தள்ளி நின்னே பேசிட்டிருந்தீங்க. இன்னிக்குத்தான் முழுசா வந்திருக்கீங்க."

அன்றைக்கு அவள் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டாள். கூட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுவாரம் பஸ்ஸில் ஏறவே இல்லை. பட்டறையில் ஒரு கிழவருக்கான வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டி அனுப்பிவிட்டாள். கிழவர் கடை வாசலில் படி தெரியாமல் விழப் பார்த்தார்.

"உன் கையா இது?" என்றார் முதலாளி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மெஷின் துறைமுகத்துக்கு வந்துடுச்சும்மா. தம்பி கேட்டுட்டே இருக்கான்."

குண்டூசி தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். "முகம் ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? யாரையாவது லவ்வு கிவ்வு பண்றியா?" அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரத்தின் சத்தம் நின்றபின்னும் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டிலோ பெரியவள் தெளிந்துகொண்டே வந்தாள். கேள்வி கேட்கிறவள் இப்போது அவள். "அப்ப உனக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டுவிட்டு, ஆலோசகர் மாதிரியே பேசாமல் காத்திருக்கப் பழகியிருந்தாள். சாயங்காலப் பயிற்சியில் சின்னவளுக்குப் பயத்தை வரவழைக்க எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, தானே வந்தது. ஒருநாள் படிக்கட்டின் முன்னால் அவள் கால் துவண்டு உட்கார்ந்தபோது, பெரியவள் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துப் போர்த்தியும் விட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் சின்னவளுக்கு உறைத்தது. தூக்க வந்தபோது அக்கா மிதியடியைத் தாண்டியிருக்கிறாள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். இதற்காகத்தானே எல்லாம். சின்னவள் போர்வைக்குள் கிடந்து சந்தோஷத்துக்காகக் காத்திருந்தாள். வந்தது வேறு ஏதோ. அக்காவின் காலடி ஹாலில் அங்குமிங்கும் நடந்தது. அந்த நடையில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது.

அந்த வாரம் அவள் ஆலோசகரிடம் உடைத்துச் சொல்லிவிட்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தே போயிருந்தாள், சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"மேடம், இது எனக்கு இல்ல. எங்க அக்காவுக்கு. நான்தான் அந்தத் தங்கச்சி. ஓட்டவாய்ன்னு சொன்னேனே, அது நான்தான். அவளால வர முடியாது, அதனால நான் அவளா வந்தேன். இத்தனை நாளும் சொன்னது எல்லாம் அவ சொல்லிக்குடுத்தது."

கீழே செருப்புக் கடையில் யாரோ புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்க்கும் சத்தம் கேட்டது.

"சரி" என்றார் ஆலோசகர். "நம்பறேன். அப்ப, இப்ப என் முன்னாடி உக்காந்து நடுங்கறது யாரு?"

சின்னவள் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

"நான் கவனிச்சிருக்கணும். அது என் தப்பு" என்றார் ஆலோசகர். "ஆனா இப்படியே தொடர முடியாது. ரெண்டு வழி இருக்கு. உங்க அக்காவை நான் உங்க வீட்டுக்கே வந்து பார்க்கறேன், அவங்களுக்காக அவங்க பேசட்டும். நீங்க இங்க வாங்க, உங்களுக்காக. உங்க பயத்தை உங்களோடதுன்னு சொல்லி வாங்க. ரெண்டுல எதையும் நான் உங்களுக்குப் பதிலா முடிவு பண்ண முடியாது. அடுத்த வாரம் இதே நேரத்தை உங்களுக்காக வெச்சிருப்பேன்."

"என்னோடதுன்னா, அது போகாதே மேடம். அக்காவோடதுன்னா அவகிட்ட திருப்பிக் குடுத்துடலாம்."

"அப்படிக் குடுக்க முடியாதும்மா" என்றார் அவர். முதல் தடவையாக அவர் முகத்தில் கலக்கம் தெரிந்தது.

திரும்பும் வழி சின்னவளுக்குச் சரியாக நினைவில்லை. தெரு அகலமாகிக்கொண்டே போனது என்று மட்டும் சொன்னாள். மூன்று மாடியையும் ஏறி, கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் பெரியவள்.

"நல்லாப் போயிட்டிருக்குன்னு சொன்னாங்க."

அக்காவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. ஆலோசகர் வீட்டுக்கே வருவதாகச் சொன்னதையும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா பேசிவிடுவாள், அக்காவுக்குச் சரியாகிவிடும், பிறகு தான் எந்தப் பயத்தைக் காட்டி உள்ளே இருப்பது என்று தோன்றியதாம். அப்படித் தோன்றியதே அவளைக் கதிகலங்க வைத்தது. மறுநாள் வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, மிதியடிமேல் நின்றாள். முதலாளியின் போன் அடித்து ஓய்ந்தது. செருப்பைக் கழற்றி வைத்தாள். அடுத்த வாரம் அந்த நேரம் வந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டி தீர்ந்தது. பால் தீர்ந்தது. முட்டையில் இரண்டு நாள் ஓடியது. யார் போவது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் பெரியவள் குளித்து, தலைவாரி, அலமாரியிலிருந்து புதுச் செருப்பை எடுத்தாள். அடிப்பாகத்தில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"போகாதக்கா" என்றாள் சின்னவள்.

"பட்டினி கிடக்கறதா?"

"யாரையாவது வரச் சொல்லலாம்."

"யாரை வரச் சொல்லுவே? இத்தனை வருஷம் யாரு வந்தா, உன்னைத் தவிர?" பெரியவள் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். "எனக்கும் இப்ப பத்துக்கு ஆறு ஏழு இருக்கும்டி. இருந்துட்டுப் போகட்டும். கீழ போறதுக்குள்ள குறையும்னு நீதானே வந்து சொன்னே."

கதவு திறந்தது. சின்னவள் மிதியடியின் உள்பக்கம் நின்று கேட்டாள். ஒரு படி இறங்கும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தாள். திரும்பி வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அடுத்த படி, அடுத்த படி, பிறகு அடுத்தடுத்து. கேட்டின் கீல் கிறீச்சிட்டது. அதன்பிறகு தெருச் சத்தத்தில் அக்காவின் சத்தம் கலந்துவிட்டது.

பெரியவள் வியர்த்து, மூச்சு வாங்கி, இரண்டு பைகளோடு திரும்பினாள். ரொட்டியை மேஜைமேல் வைத்த கையோடு எதிரே உட்கார்ந்து, கடையில் என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பித்தாள். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை. சின்னவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

பெரியவள் இப்போது தான் தட்டச்சு செய்துகொடுத்த ஆஸ்பத்திரியிலேயே பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸில்தான் போய்வருகிறாள், சில நாள் பயம் வருகிறது, போகிறது. தங்கை ஆலோசகரிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியவந்த பிறகு, ஆலோசகரை அவளே போய்ப் பார்த்து இரண்டு தடவை வீட்டுக்கு அழைத்து வந்தாள். இரண்டு தடவையும் சின்னவள் அறைக் கதவைத் திறக்கவில்லை. வர வேண்டியது அவங்கதான், நான் இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு ஆலோசகர் போனார். செருப்புக் கடைக்கு மேலே அவர் இன்னும் ஆட்களைப் பார்த்துவருகிறார். துறைமுக ஊர்ப் பட்டறைக்குக் குண்டூசி போனார், அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார். முதலாளி பட்டறையை மூடிவிட்டு லென்ஸை வெளியே கொடுத்துத் தேய்த்து வாங்குகிறார். சின்னவள் பெரியவளின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டாக்டர்கள் பேசுவதைத் தட்டச்சு செய்கிறாள். பிழை இருப்பதில்லை. மூன்றாம் மாடியை விட்டு அவள் இறங்குவதில்லை.